ஓடும் மகளுக்குத் தேனீ மகரந்தம் கொடுக்கலாமா?

மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு வயது 16. பதினோராம் வகுப்பு படிக்கிறாள். 1500, 3000 மீட்டர் ஓட்டங்களில் மாவட்ட அளவில் பரிசு வாங்குபவள். எடை 44 கிலோ. விடியற்காலையில் வாய்க்கால் கரைச் சாலையிலும் மாலையில் பள்ளி மைதானத்திலும் ஓடுகிறாள். ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது. சில மாதங்களாகச் சோர்வு. முதல் நாள் ஓடிய களைப்பு மறுநாளும் தீர்வதில்லை. பயிற்சியாளரின் யோசனைப்படி, அவருக்குத் தெரிந்தவரிடமிருந்து ‘பீ போலன்’ என்ற தேனீ மகரந்தம் வாங்கியிருக்கிறார்கள். 250 கிராம் டப்பா 850 ரூபாய். மொத்தம் ஐந்து டப்பா. ஓடப் போகும் முன் இரண்டு தேக்கரண்டியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறாள். மூன்றாம் நாளிலிருந்து உதடும் அண்ணமும் அரிக்கின்றன. ஒரு நாள் கண்ணிமை தடித்துவிட்டது. சிறு வயதில் அவளுக்கு மூச்சிளைப்பு இருந்தது, மார்கழி மாதத்தில் இப்போதும் அடுக்குத் தும்மல் வரும். “உடம்பு பழகுகிறது. மகரந்தம் சாப்பிடச் சாப்பிட ஒவ்வாமையே போய்விடும்” என்று பயிற்சியாளர் சொன்னதால், தாய் ஒரு செட்ரிசின் மாத்திரையையும் கொடுத்துத் தொடர்ந்துகொண்டிருக்கிறார். இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட மாமியாரும் மூட்டுவலிக்கு நல்லது என்று அதே டப்பாவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

கடிதத்தின் நடுவே, வேறு எதையோ சொல்ல வந்தபோது மூன்று செய்திகள் வந்து விழுந்திருக்கின்றன. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று மகள் இரவுச் சோற்றை நிறுத்தியிருக்கிறாள். மாதவிடாய் இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. இடது கால் முன்னெலும்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே வலி. முதல் டப்பா பாதி தீர்ந்துவிட்டது. மகரந்தத்தைத் தொடரலாமா, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் அண்ணனிடமிருந்தே சுத்தமாக வாங்கிக்கொள்ளலாமா, அடுத்த மாதப் போட்டிக்குள் மகள் தேறிவிடுவாளா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி, நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்கிறேன், கேட்காமல் விட்டதற்கும் சொல்கிறேன். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அவசரம் முதலாவதில் இருக்கிறது.

இன்றே நிறுத்துங்கள்

உதடு அரிப்பதும் இமை தடிப்பதும் உடம்பு பழகுவதன் அடையாளம் அல்ல. அந்த மகரந்தத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். அடுத்த முறையும் அரிப்போடு நிற்கலாம். தொண்டை வீங்கி, மூச்சுக்குழல் சுருங்கி, இரத்த அழுத்தம் விழுந்து மயக்கத்தில் கொண்டுபோயும் விடலாம். அனாபிலாக்சிஸ் என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லும் இந்த நிலை, தேனீ மகரந்தம் சாப்பிட்டவர்களுக்கு வந்ததாக மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் உண்டு. கனடா மருத்துவச் சங்கத்தின் இதழ் 2012-ல் வெளியிட்ட குறிப்பில் வருபவர் 30 வயதுப் பெண். இமை, உதடு, தொண்டை எல்லாம் வீங்கிய நிலையில் அவசர சிகிச்சைக்கு வந்தவர். தும்மலும் இளைப்பும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்கள் மகளுக்கு இரண்டும் இருக்கின்றன.

‘தேன் சாப்பிடுகிறாள், ஒரு முறை தேனீ கொட்டியும் ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தேன், தேனீயின் கொட்டு, மகரந்தம் மூன்றும் வேறு வேறு. கொட்டும்போது உடலில் ஏறுவது தேனீயின் நஞ்சு. தேனில் மகரந்தம் மிகச் சிறிதளவே கலந்திருக்கும். டப்பாவில் இருப்பது முழுக்க மகரந்தம். அதுவும் எந்தப் பூவுடையது என்று டப்பாவில் எழுதியிருக்காது. சூரியகாந்தி மகரந்தமாக இருந்தால், நம் ஊர்ச் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியமும் அதே குடும்பத்துச் செடிதான். ஒன்றுக்குத் தும்முகிற உடம்பு மற்றொன்றைக் கண்டும் கிளர்ந்தெழக்கூடும்.

சாப்பிட்டே ஒவ்வாமையைப் போக்கலாம் என்ற பேச்சுக்கு ஒரு வேர் இல்லாமல் இல்லை. மருத்துவமனைகளில், எந்த மகரந்தம் என்று சோதித்து அறிந்து, அளந்த சாற்றை மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை இருக்கிறது. ஒவ்வொரு ஊசியைப் போட்டபின்னும் அரை மணி நேரம் உட்கார வைத்துக் கண்காணிப்பார்கள். பக்கத்திலேயே அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். பெயர் தெரியாத பூக்களின் மகரந்தத்தைத் தேக்கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு, இருட்டோடு இருட்டாக ஆளில்லாத வாய்க்கால் கரையில் ஓடுவதற்குச் சிகிச்சை என்ற பெயரைச் சூட்ட முடியாது. ஓட்டம் என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. ஒத்துக்கொள்ளாத உணவைச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கடுமையாக உடலை வருத்தினால், சும்மா இருந்தால் வெறும் அரிப்போடு போகக்கூடியது முழு அனாபிலாக்சிஸாக மாறிவிடலாம். அவள் சாப்பிடும் நேரமும் ஓடும் நேரமும் அதற்கென்றே குறித்ததுபோல அமைந்திருக்கின்றன.

செட்ரிசின் அரிப்பை அடக்கும், அனாபிலாக்சிஸைத் தடுக்காது. அதைக் கொடுத்துவிட்டு மகரந்தத்தைத் தொடர்வது எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவைப்பதுதான். எப்போதாவது தொண்டை இறுகுதல், குரல் மாறுதல், இளைப்பு, வாந்தியோடு உடல் முழுதும் தடிப்பு, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் வந்தால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். தொடையில் போடும் அட்ரினலின்தான் அதற்கு மருந்து. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இருக்கும்.

அந்த உருண்டைகளில் என்ன இருக்கிறது?

தேனீ பூவில் புரண்டு எடுத்த மகரந்தத்தைத் தேனும் உமிழ்நீரும் சேர்த்துப் பிசைந்து, பின்னங்காலில் உள்ள கூடை போன்ற பள்ளத்தில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு கூட்டுக்குத் திரும்புகிறது. பெட்டி வாசலில் சல்லடை போன்ற தடுப்பை வைத்தால், நுழையும்போது உருண்டைகள் உதிர்ந்து கீழ்த்தட்டில் விழும். அதைக் காயவைத்து விற்கிறார்கள். புரதம், சர்க்கரை, கொஞ்சம் கொழுப்பு, வைட்டமின்கள், தாது உப்புகள் எல்லாம் அதில் உண்டு, பொய்யில்லை. ‘முழு உணவு’ என்று விளம்பரம் செய்வதும் இதை வைத்துத்தான். தேனீக்குஞ்சுக்கு அது முழு உணவுதான். மனிதக் குடலுக்கு மகரந்தத்தின் வெளித்தோலை உடைப்பதே பெரும்பாடு, உள்ளே இருப்பதில் ஒரு பகுதிதான் வந்து சேரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 10 கிராம். மகரந்தத்தில் புரதம் பூவுக்குப் பூ மாறும். நூற்றுக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் 2 கிராம் கிடைக்கும். உங்கள் டப்பாவின் விலைப்படி அதற்கு 34 ரூபாய் ஆகிறது. ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அந்த இரண்டு கரண்டி தரும் ஆற்றல் 40 கலோரிக்குள் அடங்கும். 44 கிலோ எடையுள்ள உங்கள் மகள் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கே ஏறத்தாழ அவ்வளவு செலவிடுகிறாள். வாய்க்கால் மதகைத் தாண்டும்போதே அது தீர்ந்துவிடும்.

களைப்பு தீரும், ஓட்டம் கூடும் என்பது 1970-களிலிருந்தே மேல்நாட்டு விளையாட்டு வீரர்களிடையே சுற்றி வரும் பேச்சு. அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் 20 இளம் நீச்சல் வீரர்களில் பாதிப் பேருக்கு மகரந்தச் சாற்று மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் ஆறு வாரம் கொடுத்த ஆய்வு 1982-ல் வெளிவந்தது. செயல்திறனில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் சளி, இருமலால் பயிற்சிக்கு வராத நாட்கள் மகரந்தக் குழுவில் 4, மற்றக் குழுவில் 27. விற்பவர்கள் இரண்டாவதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். குழுவுக்குப் பத்துப் பேர் என்றால், இரண்டு பேருக்கு நீண்ட காய்ச்சல் வந்தாலே இந்த எண்ணிக்கை புரண்டுவிடும். மேலும் அது மாத்திரையாக்கிய சாறு. உங்கள் டப்பாவில் உள்ள உருண்டை அல்ல.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியது

இரவில் சோறு இல்லை, மூன்று மாதத்துக்கு ஒரு மாதவிடாய், கால் எலும்பில் வலி, தீராத சோர்வு. உங்கள் கடிதத்தில் இவை நான்கும் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடந்தன. எனக்கு அவை ஒரே வாக்கியமாகப் படுகின்றன. சாப்பிடுவதைவிட அதிகமாகச் செலவழிக்கும் உடம்பு, உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. முதலில் சினைப்பையின் வேலை குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால், வளரும் வயதில் எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்து சேராது. அந்த எலும்பின் மேல் தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் மயிரிழை போன்ற விரிசல் விழும். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-ல் இந்த நிலைக்கு ஒரு பெயர் வைத்து, பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. விளையாட்டு வீரர்களின் ஆற்றல் பற்றாக்குறை என்று அதைச் சொல்லலாம்.

‘ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும், தொல்லையும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பல பயிற்சியாளர்களும் இதையே சொல்கிறார்கள். கடும் பயிற்சி செய்யும் பெண்களிடம் இது அடிக்கடி காணப்படுவது உண்மை. அதனாலேயே அது இயல்பாகிவிடாது. 16 வயதில் சேராத எலும்புச் சத்தைப் பின்னால் முழுமையாகச் சேர்ப்பது கடினம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதும் கொஞ்ச தூரம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு குறைவது தசையும் எலும்பும்.

எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்துத் தீர்ப்பெழுத மாட்டேன். தைராய்டு கோளாறும் சினைப்பை நீர்க்கட்டிகளும் மாதவிடாயைத் தள்ளிப்போடும். இரத்தசோகை சோர்வைக் கொடுக்கும்; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் சென்று, இரத்த அணுக்கள், ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் ஃபெரிட்டினைக் கேட்டு வாங்குங்கள். இரும்புச் சத்துக் கிடங்கு காலியாகத் தொடங்குவது அதில்தான் முதலில் தெரியும். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற மாத்திரையை அவள் விழுங்குகிறாளா, வயிற்றைப் புரட்டுகிறது என்று மைதானத்தில் வீசுகிறாளா என்றும் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டபின் எடுத்துக்கொண்டால் புரட்டல் குறையும். டீயோடு சேர்த்து மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி. விலை உயர்ந்த எதையும் நான் எழுதப் போவதில்லை. எழுந்தவுடன் ஒரு வாழைப்பழம், அல்லது நீராகாரத்தோடு இரண்டு கை பழைய சோறு. ஓடிவந்து அரை மணி நேரத்துக்குள் பாலும் ஒரு முட்டையும், கூடவே இட்லியோ தோசையோ. பள்ளிக்கு ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, இல்லையென்றால் சுண்டல். சம்பா அறுப்புக்குப் பிறகு வயலில் விளைகிற உளுந்தும் பயறும் உங்கள் வீட்டிலேயே மூட்டையில் இருக்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிமார்கள் ஃபெரிட்டின் பார்த்ததில்லை, ஆனாலும் கணக்கு ஓரளவு சரியாகவே வந்தது. வாரத்தில் சில நாள் மீன். இரவில் சோறும் பருப்பும் கட்டாயம். அவளுடைய எடைக்கும் பயிற்சிக்கும் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டால் தூள் எதுவும் இல்லாமலே அது வந்துவிடும். அவள் சோற்றை நிறுத்தியது தானாகவா, யாராவது அவள் உடலைப் பற்றிச் சொன்ன பிறகா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டைக் கண்டு பயப்படும் நிலை இருந்தால் மனநல ஆலோசகரின் உதவியும் வேண்டியிருக்கும்.

மாமியாருக்கு

வால்வு மாற்றியவர் என்பதால் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மகரந்தம் சேர்ந்தபின் வார்ஃபரினின் வேகம் கூடி ஐ.என்.ஆர். அளவு (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) ஏறிய நோயாளி ஒருவரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 2010-ல் வெளிவந்திருக்கிறது. ஒரே ஒரு நோயாளிதான். என்றாலும் வால்வு வைத்தவரிடம் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது. மகரந்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள், இந்த வாரமே ஐ.என்.ஆர். எடுங்கள், எத்தனை நாள் சாப்பிட்டார் என்பதை இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஈறில் இரத்தம், கருத்த மலம், காரணமில்லாத கன்றிய தழும்பு இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அண்ணனின் தோப்பு

கஜா புயலில் விழுந்த தோப்பை மறுபடி எழுப்பி, அதில் தேனீப் பெட்டியும் வைத்திருக்கும் உங்கள் அண்ணன்மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் சுத்தமான மகரந்தமும் ஒவ்வாமை உள்ளவருக்கு அதே ஆபத்துதான். மகளுக்கு இனி எந்தத் தோப்பு மகரந்தமும் வேண்டாம். மற்றவர்களுக்கு விற்க எண்ணினால் அவர் சிலவற்றை யோசிக்க வேண்டும். பறித்த மகரந்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈரம் இருக்கும். நம் கடலோரக் காற்றில் சரியாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். பக்கத்து வயல்களில் தெளிக்கும் பூச்சிமருந்து மகரந்தத்தில் தங்கும். தேள்கொடுக்கு போன்ற சில செடிகளில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் உண்டு. அவற்றின் மகரந்தமும் தேனீயின் காலில் ஒட்டித்தான் வரும். அதோடு, அளவுக்கு மீறி எடுத்தால் பெட்டிக்குள் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

பயிற்சியாளரும் பணமும்

அவரோடு சண்டை வேண்டாம். மகளின் நலனில் அக்கறை உள்ளவராகவே கடிதத்தில் தெரிகிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தவரே விற்கும்போது, அவர் சொல்லும் யோசனையை மருத்துவ யோசனையாக எடுத்துக்கொள்ள முடியாது. மருத்துவரின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வாமை என்று எழுதியிருப்பதைக் காட்டுங்கள். மகள் நாளை மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகக்கூடியவள் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். மகரந்தம் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால் தேனீ மகரந்தம் என்ற பெயரில் எடை குறைக்க விற்ற சில மாத்திரைகளில் சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கண்டுபிடித்து, 2014-ல் மக்களை எச்சரித்தது. சிபுட்ரமின் 2010-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்ட மருந்து, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருப்பது. கலந்தது தெரியாது என்று சொன்னால் தப்பித்துக்கொள்ள முடியாது. வீரரின் உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி.

டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிக்காத நான்கு டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேளுங்கள். ஒவ்வாமையைக் குணமாக்கும் என்று விற்பவர் எழுத்தில் விளம்பரம் செய்திருந்தால் அந்தத் தாளையோ செய்தியையோ பத்திரப்படுத்துங்கள். தவறான உணவு விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 இடம் தருகிறது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. பிரித்த டப்பாவை எறிந்துவிடாதீர்கள், ஒவ்வாமைச் சோதனைக்குப் போகும்போது மருத்துவர் அதைக் கேட்கலாம்.

அடுத்த மாதப் போட்டி

கால் எலும்பில் வலிக்கும் இடத்தை விரல் நுனியால் அழுத்திப் பாருங்கள். பரவலாக வலித்தால் தசை இழுப்பாக இருக்கலாம். ஒரு காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால் விரிசலாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டில் எதுவானாலும் எலும்பு மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டம் வேண்டாம். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது வழக்கம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை ஓடலாம் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ளாமல், வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். விரிசல் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு வேண்டியிருக்கும், அடுத்த மாதப் போட்டி போய்விடும். அவள் அழுவாள். விரிசலோடு ஓடி எலும்பு முழுதாக முறிந்தால் போவது ஒரு போட்டி அல்ல, ஓராண்டு. மருத்துவர் அனுமதித்தால் அதுவரை நீந்தவோ சைக்கிள் மிதிக்கவோ செய்யலாம். மூச்சின் வலு அவ்வளவாகக் குறையாது. மாதவிடாய் திரும்பி வந்து, வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு, மெதுவான ஓட்டத்தில் தொடங்கட்டும்.